கடைசி மூன்று எண்

இஞ்சிவிளையில் லாட்டரி விற்கிறேன்.
நூறடி நடந்தால் தமிழ்நாடு.
அங்கே இந்தச் சீட்டு குற்றம்,
மாத்திரை இலவசம்.

மாதம் ஒருமுறை குழித்துறை ஆஸ்பத்திரி.
வெறும் வயிற்றோடு வரிசை.
சிஸ்டர் ரெஜினாள் நோட்டில் எழுதுவாள்: 312.

திரும்பி வந்ததும் ஆட்டோ ஞானசிகாமணி
"இன்னைக்கு எத்தற?" என்பார்.
312இல் முடியும் சீட்டைத் தேடி எடுத்துக்கொள்வார்.
ஒருநாளும் விழுந்ததில்லை.

ஒருநாள் விற்பனை போகுமே என்று
மாத்திரையைப் பாதியாகப் பிட்டு
இரண்டு மாதம் ஓட்டினேன்.
செருப்பு கடித்த புண்
ஓணம் பம்பர் குலுக்கி முடித்தும் ஆறவில்லை.

டாக்டர் திட்டவில்லை.
குனிந்து பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
அன்றிலிருந்து ஊசி.
டீக்கடை பிரிட்ஜில், பால் கவருக்குப் பின்னால்
என் பெயர் எழுதிய டப்பா.

இன்று 138.
ஞானசிகாமணிக்கு வருத்தம்:
"இப்பிடி எறங்கிட்டே போனா
நான் எந்த நம்பரை நம்ப?"