காலிக் கட்டம்

நாரின் வானொலி நிலையம். என் மேசைமேல் மூன்று தாள்கள்.
பனியாறு பத்தாண்டில் மறையும் என்கிறது ஒன்று.
வளர்கிறது என்கிறது இன்னொன்று.
மூன்றாவதில் படம் இருக்கிறது,
படத்திலிருப்பது வேறு மலை.

மாலைச் செய்திக்கு எனக்கு வேண்டியது ஒரே ஓர் எண்.

யாரைக் கேட்டாலும் இன்னொருவர் பெயர்.
அவர் சொன்னதாக இவர்,
இவர் எழுதியதைப் பார்த்து அவர்.
கடைசிப் பெயருக்கு அப்பால்
பாதை செங்குத்தாக ஏறியது.

குதிரை மூச்சு வாங்க நின்ற இடத்தில்
பூருல்கான் முழங்காலிட்டு
பனிக்கட்டியில் நட்ட கழியை அளந்துகொண்டிருந்தாள்.
இரண்டு முறை. ஒரு விரற்கடை உதைத்தது.
கையுறையைக் கழற்றிவிட்டு மறுபடி.

"போன கோடைக்கு இது இரண்டு மீட்டர் பத்து.
இந்தக் கழிக்கு மட்டும்.
மேலே இன்னும் பதினொன்று இருக்கிறது,
உச்சியில் பனி சேரவும் செய்கிறது.
முழு மலையையும் என் வாயில் போடாதே."

தேநீர்க் கறை படிந்த நோட்டு.
பத்தொன்பது கோடைகள், பென்சிலில்
(பேனா மை உறைந்துவிடுமாம்).
நடுவே ஒரு கட்டம் காலி.

"மகனுக்குக் காய்ச்சல். வரவில்லை."
"முன்னும் பின்னும் பார்த்து
ஏதாவது போட்டிருக்கலாமே?"
"அன்று நான் இங்கே இல்லையே"
என்றபடி கயிற்றைச் சுருட்டினாள்.

நான் இல்லாத எத்தனை இடங்களை
ஏற்ற இறக்கத்தோடு வாசித்திருக்கிறேன்.

ஆறு மணிச் செய்திக்குமுன்
ஜூமாகுல் தாளைப் பார்த்தார்.
"'ஒரு கோடை தெரியவில்லை' எதற்கு?
கேட்கிறவன் குழம்புவான், எடுத்துவிடு."

பென்சிலில்தான் எழுதியிருந்தேன்.
ரப்பர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.
சிவப்பு விளக்கு எரிந்தது.
வாசித்தேன்,
அந்த வரியையும்.