மிச்சம்

தடைக்காலத்தின் இரண்டாம் வாரம்
அவனைக் கொண்டுவந்து விட்டார்கள்.
வேதாளை வரும் டவுன் பஸ்ஸில்
அலுவலகத்துப் பெண் ஒருத்தி, கையில் ஒரு ஃபைல்.
பெயர் வைரமணி. வயது எட்டு.
எடை பதினெட்டு கிலோ இருநூறு.

விசைப்படகெல்லாம் கரையில் கிடந்த நாட்கள்.
கருவாட்டுக் குழம்பும் ரேஷன் அரிசியும்தான்.
ஐந்து முறை வாங்கிச் சாப்பிட்டான்.
தட்டைப் பார்க்கவில்லை,
சட்டியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான்.
பிறகு கொல்லை மணலுக்குப் போய்
அத்தனையும் வாந்தியெடுத்துவிட்டு
வாயைத் துடைத்தபடி வந்து
"இன்னும் இருக்கா?" என்றான்.
இருக்கு என்றேன்.
இருந்தது கிரகோரியின் பங்கு.

எறும்புகள்தான் காட்டிக்கொடுத்தன.
தலையணை உறைக்குள் நாலு வர்க்கி,
பேப்பரில் சுருட்டிய சோறு,
பள்ளிக்கூடத்து முட்டை ஒன்று, நாறிப்போய்.
திட்டியிருப்பேன்.
அதற்குள் அவன்
அடிப்பதற்குத் தோதாக
முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றுவிட்டான்.

மறுநாள் ராமநாதபுரம் போய்
ஒரு எவர்சில்வர் தூக்கு வாங்கினேன்.
மூடியில் அவன் பெயரை வெட்டித் தந்தார் கடைக்காரர்,
'ர'வுக்குக் கால் கொஞ்சம் கோணல்.
இது உன்னோடது, காலியாகாது,
ராத்திரி திறந்தாலும் யாரும் கேக்கமாட்டோம்.
ராத்திரி திறக்கும் சத்தம்.
மூடும் சத்தம்.
தின்னலை, எண்ணுறான் என்றான் கிரகோரி இருட்டுக்குள்.

தின்னவும் செய்தான்.
மாசியில் முப்பத்து மூன்று கிலோ.
நர்ஸ் அட்டையில் சிவப்பு மையால் வட்டம் போட்டாள்.
"இப்படியாம்மா கொட்டுவீங்க? சோத்தக் குறைங்க."
மாசாமாசம் பணம் வருதுல்ல, என்றாள் வரிசையில் ஒருத்தி.
போன வருஷம்
இவ சோறு போடுறாளான்னு பாருங்க என்று சொன்னவளும்
அவளேதான்.

நான் இறால் கூடத்தில் வேலை பார்க்கிறவள்.
ஐஸோடு நிறுத்தால் ஒரு எடை,
வடியவிட்டு நிறுத்தால் ஒரு எடை.
இவனில் எது ஐஸ், எது இறால்?
எந்த வீட்டுப் பட்டினியின் தண்ணீர் இது,
எத்தனை மாதம் வடியவிட வேண்டும்?
தராசுக்காரன் யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

நேற்றுக் காலை ஐந்து இட்லி வைத்தேன்.
பக்கத்து வீட்டு ரியாஸ்
வேலிக்கு மேல் பட்டத்தைக் காட்டிக் கூப்பிட்டான்.
எழுந்து ஓடிவிட்டான்,
கை கழுவாமல்.
தட்டில் அரை இட்லி.

மிச்சம் வைத்தால் எங்கள் அம்மா
கரண்டிக் காம்பால் முட்டியில் போடுவாள்.
நான் அதை மத்தியானம்வரை எடுக்கவில்லை.
சட்னி காய்ந்து ஓரம் வெடித்தது.
கிரகோரி கடலிலிருந்து வந்து பார்த்தான்,
உட்கார்ந்தான்,
ஈயை விரட்டிக்கொண்டே இருந்தான்.

இன்று விடியலில் மறுபடி எறும்பு.
வாசலிலிருந்து தலையணைவரை ஒரே கோடு.
தூக்கைத் திறந்தேன்.
சீடை பாதிக்குக் கீழே இறங்கியிருக்கிறது.
கடை ஏழு மணிக்குத்தான் திறக்கும்.
அதற்குள் எழுந்துவிடாமல் இருக்கவேண்டும்.