பொருளின் விவரம்

நேற்றே வந்தேன்.
பெட்டியைக் கொண்டுவா, அதில் நம்பர் இருக்கும் என்றார்கள்.
இன்று காலிப் பெட்டியோடு
காஷ்மீரி கேட் மெட்ரோ காவல் நிலையம்.
ஹீட்டரில் ஒரு கம்பிதான் எரிகிறது.
தலைமைக் காவலர் சத்பீர் டாகர்
இரண்டே விரல்களால் தட்டச்சு செய்கிறார்.

பெயர்?
ஞா. அமலோற்பவம்.
ஞா என்றால்?
ஞானப்பிரகாசம். அப்பா.
அவர் பின்னால்தானே வர வேண்டும் என்று
முப்பத்தாறு வருடமாக எனக்கு முன்னே
ஒற்றை எழுத்தாய் நின்ற மனிதரைப்
பின்னே கொண்டுபோய் முழுசாக நிறுத்தினார்.

தொலைந்தது?
கேமரா லென்ஸ்.
சாந்தினி சௌக்கில் ஏறும்போது பையில் இருந்தது.
ஒரே ஒரு நிறுத்தம்.
இறங்கும்போது ஜிப் வாய் பிளந்திருந்தது.
கல்யாண போட்டோவா?
இல்லை, பொத்தான்.
ஓக்லாவில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனிக்குப்
பொத்தான்களையும் கொக்கிகளையும் படமெடுக்கிறேன்.
அவர் தன் சட்டைப் பொத்தானை
ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

பெட்டியைத் திருப்பினார். நூறு எம்.எம்.
பொருளின் நீளம் பத்து சென்டிமீட்டர், எழுதட்டுமா?
அது குவியத்தூரம் சார்.
எண் ஏற ஏறப் பார்வை ஒடுங்கும்,
தள்ளி நிற்பது கிட்டே வரும்.
யோசித்துவிட்டு, நீளம் என்றே எழுதினார்.

ஒன்று, இரண்டு புள்ளி, இரண்டு புள்ளி எட்டு.
இது கலவைக் கணக்கு, எனக்குத் தெரியும்.
நஜஃப்கரில் வீடு கட்டுகிறேன்,
சிமெண்ட் ஒன்றுக்கு மணல் நாலு.
இங்கே மணல் இல்லை சார், வெளிச்சம்.
இரண்டாவது எண் சின்னதானால் வாசல் பெரிது.
அட, எங்கள் ரேங்க் மாதிரி என்றார்.

எல்?
விலை கூடியது என்று அர்த்தம்.
அதற்குப் போய் ஓர் எழுத்தா?
ஒரு சிவப்பு வளையமும் உண்டு.

குறுக்கே வெட்டிய பூஜ்யம், பக்கத்தில் அறுபத்தேழு.
முன்வாயின் விட்டம். மூடி வாங்கினால் இந்த அளவு.
மூடி இருக்கிறதா?
அதுவும் போயிற்று.

ஐ.எஸ்.?
கை நடுங்கினாலும் படம் நடுங்காது.
உள்ளே ஒரு கண்ணாடி
நடுக்கத்துக்கு எதிர்ப்பக்கமாய் நகர்ந்து கொடுக்கும்.
அவர் என் கையைப் பார்த்தார்.
பெட்டியின் விளிம்பில் அது
டைப்ரைட்டர் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது.
பேசாமல் எழுந்து
ஹீட்டரை என் பக்கம் திருப்பினார்.

அடையாளம் ஏதாவது?
பெட்டியில் இல்லாததைக் கண்ணை மூடிச் சொன்னேன்.
இடது பக்கம் சின்னச் சின்ன விசைகள்.
மேலே தள்ளினால் ஏ.எஃப்., தானே தேடிக்கொள்ளும்.
கீழே எம்.எஃப்., நான்தான் தேட வேண்டும்.
எம் என்ற எழுத்து பாதி அழிந்திருக்கும்,
என் கட்டைவிரல் அழித்தது.
அடியில் ஒரு சிவப்புப் புள்ளி.
கேமராவில் இன்னொன்று இருக்கிறது, வீட்டில்.
இரண்டும் நேருக்கு நேர் வந்தால்தான் பூட்டும்.

அப்புறம் தூரத்துக்கு ஒரு விசை.
அரை மீட்டரிலிருந்து...
எதுவரை?
காகிதத்தில் வரைந்து காட்டினேன்.
படுத்துக்கிடக்கும் எட்டா இது?
முடிவில்லாத தூரம் சார். நிலா, விமானம், எல்லாம் அதற்குள்தான்.
விசைப்பலகையை அடிவரை தேடினார்.
பக்கத்து மேசையில் கேட்டார்.
கணினியில் இது இல்லை, மேடம்.

கடைசியில் ஒரு விரலால் தட்டினார்.
அச்சாகி வந்தது சூடாக:
அமலோற்பவம் ஞானப்பிரகாசம்,
நீளம் பத்து சென்டிமீட்டர்,
தூரம் அரை மீட்டர் முதல் 8 மீட்டர் வரை.
படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.
படித்தேன். இட்டேன்.

வெளியே பனிமூட்டம்.
வாசலிலிருந்து எண்ணிக்கொண்டே நடந்தேன்.
எட்டு மீட்டரில் ஒரு டீக்கடை,
கெட்டில், ரஸ்க் டப்பா,
மஃப்ளர் சுற்றிய ஓர் ஆள்.
அதற்கப்பால்
பேருந்து நிலையமும் யமுனையும் மற்றதும்
பதிவில் இல்லை.