தரம் பூஜ்யம்

மல்லானூர் ஸ்டேஷன் தாண்டி மூன்றாவது வீடு.
ரசீதில் ஜெயவேலு என்று எழுதி
மாநிலம் என்ற கட்டத்தில் ஆந்திரா போடும்போதே
"அந்தப் பம்புசெட்டு தமிழ்நாடு" என்றார்,
நான் கேட்காமலே.

மாதக் கடைசி இரவு பன்னிரண்டுக்கு
மலைமேல் பழைய ஒளிபரப்பை நிறுத்துகிறார்கள்.
அதற்குள் பெட்டி மாட்ட வேண்டிய வீடுகள்
என் பட்டியலில் நாற்பத்தொன்று.
இது இருபத்தாறு.

மாடியில் பழைய ஆண்டெனா
ஏதோ ஒரு காக்காயின் எடைக்குச் சாய்ந்து நின்றது.
குழாயில் சாக்கட்டியால் இரண்டு கோடு.
இந்தக் கோட்டுக்குத் திருப்பினால் தெலுங்குச் செய்தி,
அந்தக் கோட்டுக்குத் தமிழ்.
நடுவில் விட்டால்
தெலுங்குக்காரர் மீசைமேல்
தமிழ்க்காரியின் பொட்டு.

"திருப்புறது யாரு?"
"நான்."
"கீழ பாத்துச் சொல்றது?"
அவர் நட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஏணியைப் பிடித்திருந்த பக்கத்து வீட்டுப் பையன்
என் காதருகே சொன்னான்:
கூடு வித்த காசுல ஏதோ தகராறு,
ரெண்டு பேரும் பேசி ரெண்டு வருஷம்.
ஆனா தினம் ராத்திரி எட்டு மணிக்கு
மேலேயிருந்து "வருதா?"
கீழேயிருந்து "இல்ல."
"இப்ப?"
"கொஞ்சம்."
"இப்ப?"
"போச்சு. மொதல்ல இருந்த மாதிரியே வை."
தெருவுக்கே கேக்கும்.
காத்தே இல்லாத நாள்லயும்
ஏறுவாருண்ணா.

புதிய ஆண்டெனா சின்னது, நெத்திலி முள் மாதிரி.
கோபுரத்தைப் பார்த்து ஒருமுறை வைத்தால் போதும்.
அசையக் கூடாதென்று
கம்பி போட்டு முறுக்கிவிட்டு இறங்கினேன்.

கூடத்தில் அமராவதி
மடியளவு மல்பெரி இலையை நறுக்கிக்கொண்டிருந்தாள்.
திரையில் இரண்டு பட்டைகள்.
வலிமை எழுபத்தெட்டு.
தரம் பூஜ்யம்.

"எழுபத்தெட்டு வருதே, அப்புறம் என்ன?" என்றார் ஜெயவேலு.
வந்து சேர்வது வேறு, புரிவது வேறு என்றேன்.
பழையது, பாதி கிடைத்தால் பாதி காட்டும்.
புள்ளி புள்ளியாகவாவது காட்டும்.
இதற்குப் பாதி கிடையாது.
கொஞ்சம் குறைந்தாலும் நீலம்தான்.

கத்தி ஒரு நொடி நின்றது.
பிறகு நறுக்கியது.

நீலத் திரைக்குச் சத்தம் இல்லை.
பழைய இரைச்சல் போன இடத்தில்
மழை பெய்வது போல ஒன்று.
வெளியே பார்த்தேன், சுட்டெரிக்கும் வெயில்.
"பின்னால புழுக் கொட்டா" என்றாள் என்னிடம்.
"நாலாந் தோல் உரிச்சதுங்க. இனிமே ராப்பகல் தீனிதான்."
"நான் டிவி இரையுதுன்னு இருந்தேன்" என்றார் ஜெயவேலு,
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து.

கேபிள் முனையில் ஈரம்.
வெட்டி, புது முனை போட்டேன்.
நான் எழுவதற்குள் அவர் மாடியில் இருந்தார்.
தேவையே இல்லை என்று கத்தினேன்.
முனையைத் திருகியதும்
செய்தி வாசிக்கும் பெண் முழுசாக வந்து உட்கார்ந்தாள்,
தோட்டின் கல்லை எண்ணலாம்,
நிழல் இல்லை, இரட்டை இல்லை.
தரம் தொண்ணூற்றிரண்டு.

மேலேயிருந்து,
"வருதா?"

அமராவதி திரையைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
மேலே முகட்டைப் பார்த்து
"இல்ல" என்றாள்.

நான் முறுக்கிய கம்பியை
அவர் அவிழ்க்கும் சத்தம் கேட்டது.
வாசித்துக்கொண்டிருந்தவளின் வாய் பாதியில் நின்றது,
கன்னம் சதுரம் சதுரமாக உடைந்து
நீலம்.

"இப்ப?"
"இல்லங்கறேன்ல. மெதுவாத் திருப்பு."

சொல்லலாமென்று வாயெடுத்தேன்.
இருபத்தேழாவது வீடு கேட்டுக்கு அந்தப் பக்கம்,
மூன்றே காலுக்கு வண்டி வந்தால் அடைத்துவிடுவார்கள்.
குறிப்பு என்ற கட்டத்தில்
வேலை முடிந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு
அவள் பக்கம் நீட்டினேன்.

கொட்டகையில் புழுக்கள் தின்றுகொண்டிருந்தன.

"இப்ப?"