ஒரே மரத்தலை

வட்டமான தலை என்று உலகத்தில் ஒன்றுமில்லை.
கோசாட் ஊரில் பத்தொன்பது கோடைகளாகத்
தொப்பி தைக்கிறவள் சொல்கிறேன்.
ஒன்று முட்டை, ஒன்று உருளைக்கிழங்கு,
பாதிரியாருடையது கிட்டத்தட்டச் செங்கல்.

அளவுநாடா சுற்றளவை மட்டும்தான் சொல்லும்.
வடிவத்துக்கு ஈயம் பொதிந்த பட்டை ஒன்று உண்டு.
நெற்றியோடு வளைத்து அழுத்தி,
கலையாமல் எடுத்துக் காகிதத்தில் வைத்து,
பென்சிலால் ஓரம் போக வேண்டும்.
பெயர், தேதி.
பிறகு இழுப்பறை.

ஏப்ரலில் மருந்துக்கடை தெல்பெஷ் வந்தார்.
வலக்காதுக்கு மேலே ஒரு பள்ளம்,
பிசைந்த மாவில் கட்டைவிரல் பதிந்ததுபோல.
அதற்கென்றே ஒரு மரத்தலை செதுக்கச் சொன்னேன்.
வைக்கோல் பின்னலை நனைத்து
உச்சியில் பொத்தான் அளவுக்குத் தொடங்கினேன்.
சுற்றிச் சுற்றி இறங்கும் தையல்,
முந்தைய சுற்றின் விளிம்பைக் கவ்விக்கொண்டே.
ஒரு தையல் தவறினாலும்
வெயில் கண்டுபிடித்துவிடும்.

மே மாதம் ருமேகூ.
முலாம்பழத் தோட்டக்காரர்.
கிணற்றுச் சுவர் வழக்கில் ஆறு வருடமாகத்
தெல்பெஷுக்கு எதிராளி.
ரொட்டிக்கடை வரிசையில் அவரைக் கண்டால்
ரொட்டியே வேண்டாமென்று போகிறவர்.
வரைந்தேன்.
எங்கேயோ பார்த்த பள்ளம்.

இரண்டு காகிதங்களையும்
ஜன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன்.
கோடு ஒன்றுதான் தெரிந்தது.

வாயைத் திறக்கவில்லை.
இன்னொரு மரத்தலைக்கு நூற்றெண்பது யூரோ யார் தருவார்?
அதே மரம், அதே ஆவி, அதே பசை.
அவருக்குக் கறுப்பு ரிப்பன், இவருக்குப் பாசிப்பச்சை.
தலைக்கனம் இருவருக்கும் உண்டு.
அதை அளக்கத்தான் என்னிடம் பட்டை இல்லை.

ஜூலையில் ஒரு திங்கட்கிழமைச் சந்தை.
தென்கிழக்குக் காற்று கிளம்பி
இரண்டு தொப்பிகளையும் பிடுங்கி
முலாம்பழப் பெட்டிகளுக்கு நடுவே உருட்டியது.
மீன்காரி மகன் பொறுக்கி வந்து
ஆளுக்கொன்று கொடுத்தான்,
மாற்றி.

போட்டுக்கொண்டார்கள்.
தெல்பெஷ் வங்கி வரைக்கும் போய்விட்டார்.
ருமேகூ மூன்று பழம் விற்றுவிட்டார்.
அப்புறம்தான்
எதிரே நடந்துபோன தலையில்
தன் ரிப்பனைப் பார்த்தார்கள்.

மாலையில் தெல்பெஷ் கடைக்கு வந்து
“அவனுடையது எனக்கு எப்படிப் பொருந்தும்?” என்றார்.
“வைக்கோல் இளகும் ஐயா” என்றேன்.
பொய்தான்.
ருமேகூ வரவே இல்லை.

அடுத்த திங்கள் இரண்டு பேரும்
வெறுந்தலையோடு நின்றார்கள்.
இரண்டு மூக்கும் ஒரே சிவப்பு.

நிற்கட்டும்.
நவம்பரில் குளிரும், கம்பளித் தொப்பிக்கு வருவார்கள்.
மரத்தலையைத் துடைத்து, எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன்.
ஒன்றே ஒன்று.