அரைப்பேர்

அப்புத்தளைக்குக் கீழே, எங்கள் ஆறாம் நம்பர் மலையில்
பீர்மேடு என்று பலகை எழுதி நட்டார்கள்.
வட்ட வட்ட எழுத்து,
சிங்களத்தின் தங்கச்சி மாதிரி.

அந்த அம்மாவின் பேர் பெண்ணம்மா.
பெண்ணும் அம்மாவும் ஒரே பேரிலா என்று கேட்டேன்.
"அதுகொண்டாக்கும் முப்பத்தொரு வருஷமா
வேற வேஷம் தரலை."

படங்கு கட்டி, கூடை மாட்டி, நிரையில் விட்டார்கள்.
கொழுந்தை விட்டு முற்றல் இலையைப் பிடுங்கினார்,
கோழிக்கு இறகு பிடுங்குவதுபோல்.
டைரக்டர் தம்பி தலையில் கைவைத்தான்.
அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள்:
முகம் வேண்டாம், விரல் போதும்.

மேக்கப் பிள்ளை என் நகக்கறையைப் பார்த்துத்
திறந்த டப்பாவை மூடிவிட்டாள்.

மூன்றாவது தடவை கிள்ளும்போது பனிமூட்டம் இறங்கியது.
ஒரே ரப்பர் சீட்டின் கீழே இருவரும்.
முதல் படத்தில் அவருக்கு இருபத்துநாலு,
கதாநாயகனுக்கு முப்பத்தொன்பது.
அவனுக்கு இவர் அம்மா.
"நரை வரைஞ்சு வரைஞ்சு
நெஜ நரை வந்தது எனக்கே தெரியலை."
நர்ஸாகப் பன்னிரண்டு. பக்கத்துவீட்டுக்காரி, கணக்கில்லை.
இடைவேளைக்கு முன்னே செத்தது பதினேழு.
அதில் ஒரு பிணம் தும்மிவிட்டதாம்;
சொல்லும்போதே தும்மினார்.
போஸ்டரில் வந்தது ஒரே தடவை,
சுவரில் மாலைபோட்ட போட்டோவாக.

சம்பளம்?
"நாள்கணக்கு."
எங்களுக்கும் அப்படித்தான், கிலோ குறைந்தால் அரைப்பேர் என்றேன்.
பேர் என்றால் என்ன என்றார்.
நாள் முழுக்க மலையில் நின்றதற்கு
செக்ரோலில் விழுகிற அடையாளம்.
கொஞ்சநேரம் பேசவில்லை.
பிறகு, ஒண்ணுக்குப் போக எங்கே என்று கேட்டார்.
கல்லுக்கு அந்தப்பக்கம்.
நான் காவல் நின்றேன்.

பின்னேரம் நிறுவைக் காட்சி.
கணக்கப்பிள்ளை வேஷக்காரன் ரெண்டு கிலோ வெட்டுகிறான்.
அவருக்கு வசனம் இல்லை.
தராசு முள்ளைப் பார்த்தார்.
பிறகு அவன் செருப்பைப் பார்த்தார்.
வேடிக்கை நின்ற எங்கள் கூட்டத்திலிருந்து
செல்லாயி கத்திவிட்டாள், "அட படுபாவி!"
மறுபடி எடுத்தார்கள்.
அப்போதும் செருப்பைத்தான் பார்த்தார்.
செருப்பைப் பார்க்கச் சொல்லி
நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

அன்றைக்கு எனக்கு மலையில் பேர் இல்லை.
படக்காரர் தந்தது ஒன்றரை நாள் காசு.

போன மாசம் மகனின் போனில் அந்தப் படம் பார்த்தோம்.
என் விரல் நாலு செக்கன்,
பெருவிரல் தழும்போடு.
நிறுவையை வெட்டியிருந்தார்கள்.
கடைசியில் பேர்கள் ஓடின,
வட்ட வட்டமாய், மழைத்தண்ணி வேகத்தில்.
மகன் நிறுத்தி நிறுத்திக் காட்டினான்.
எது அவருடையதென்று தெரியவில்லை.
கீழே, ஓரம் பாதி வெட்டுப்பட்டுக் கிடந்த ஒன்றை
அவருடையது என்று வைத்துக்கொண்டேன்.