அரைப்புள்ளி

நாரின் நகரில் ஜனவரி.
ஆறு பாதிப் பேச்சில் உறைந்துவிட்டது.

மூடிப்போன தபால் நிலையத்திலிருந்து
மூன்று மூட்டை நிலக்கரி கொடுத்து
புருல் வாங்கிவந்த கணினி:
வயது பதினேழு,
நினைவகம் அரை கிகாபைட்,
விண்டோஸைச் சுமக்கத் தெம்பில்லாமல்
லினக்ஸில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது.
விசைப்பலகையில் ஒரு பல் இல்லை.

விழுந்தது எதுவென்று பார்த்தாள்.
ஆங்கிலத்தில் அது அரைப்புள்ளி.
கிர்கீஸில் அதே விசைதான் 'ஜ'.
'ஜ' இல்லாவிட்டால் 'ஜக்ஷி' இல்லை,
நல்லது என்று சொல்ல முடியாது.
'ஜோக்' இல்லை,
இல்லை என்றும் சொல்ல முடியாது.
நல்லதும் சொல்லாமல் இல்லையும் சொல்லாமல்
இத்தனை காலம் ஓட்டியிருக்கிறது என்றால்
அரசாங்கக் கணினிதான், சந்தேகமில்லை.

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு கம்பைலர்.
பால் சேகரிப்பு நிலையத்தில் கணக்கு எழுதுகிறாள்.
அங்கே கொழுப்புக்கு விலை போடும் தாளில்
மூன்று புள்ளி ஒன்றும் மூன்றுதான்
மூன்று புள்ளி எட்டும் மூன்றுதான்.
"புள்ளிக்குப் பின்னால் இருப்பதெல்லாம் நுரை"
என்பார் பொறுப்பாளர் ஷர்ஷென்.

கட்டளை கொடுத்தாள்.
போன இடத்தில் கிடங்கே இல்லை.
இந்தப் பதிப்பைக் கைவிட்டு
ஆறு வருடம் ஆகிறதாம்.
காலாவதியானவற்றுக்கென்று ஓர் இடம் எங்கோ இருந்தது.
ஜன்னல் விளிம்பில் மட்டும் சிக்னல் பிடிக்கும் போனைக்
கயிற்றால் கட்டித் தொங்கவிட்டு
முகவரியை மாற்றினாள்.

கம்பைலர் ஒரு லைப்ரரி கேட்டது.
லைப்ரரி இன்னொரு லைப்ரரி கேட்டது.
கோவணத்தை எலி கடிக்கிறதென்று பூனை,
பூனைக்குப் பால், பாலுக்குப் பசு,
பசுவை மேய்க்க ஆள் என்று
சாமியார் சம்சாரியான கதையாகப்
பதினான்கு பேக்கேஜ்கள் வரிசையில் நின்றன.
அதில் ஒன்று மட்டும்
சமைத்து வராமல் அரிசியாக வந்தது.
நீயே வடித்துக்கொள் என்றது.

எழுபத்தொரு சதவீதத்தில்
திரையில் ஒரே ஒரு சொல்: கொல்லப்பட்டது.
நினைவு போதவில்லை.
வட்டில் ஒரு கிகாபைட்டை
இரவல் நினைவாக ஒதுக்கிக் கொடுத்து
மறுபடி முதலிலிருந்து.

"ஏன் இப்படி இரைகிறது?"
கேட்டது அண்ணி அனார்குல்.
"வேலை செய்கிறது."
"என்ன வேலை?"
"வேலை செய்வதற்கான கருவியைச் செய்கிறது."
அண்ணி ஒரு நிமிடம் நின்றாள்.
அனல்காற்று வரும் பக்கத்தில் கையை நீட்டிப் பார்த்தாள்.
பிறகு போர்சோக் மாவுப் பாத்திரத்தைக் கொண்டுவந்து
அங்கே வைத்து,
துண்டால் மூடிவிட்டுப் படுக்கப் போனாள்.

விடிந்தபோது
மாவு பொங்கித் துண்டைத் தூக்கியிருந்தது.
கணினி தொண்ணூற்று நான்கில் இருந்தது.

மாலையில் முதல் நிரல்.
விசை விழுந்த இடத்து ரப்பர் மொட்டைத்
தீக்குச்சியால் குத்தினால் அரைப்புள்ளி விழும்,
சில சமயம் இரண்டு,
சில சமயம் ஒன்றும் விழாது.
ஏழாம் வரியில் விழவில்லை.
இவ்வளவு பாடுபட்டு வரவழைத்த கம்பைலர்
முதன்முதலாக வாய்திறந்து கேட்டது
அந்த அரைப்புள்ளியைத்தான்.

குத்தினாள். ஓடியது.
மூன்று புள்ளி எட்டைக் கொடுத்தாள்.
மூன்று என்றது.

கொஞ்ச நேரம் எதுவும் செய்யவில்லை.
முழு எண் என்று அறிவித்தது அவள்தான்,
அவள் கையால், நான்காம் வரியில்.
கணினிக்குள் ஷர்ஷென் இல்லை.

ஒரு சொல்லை மாற்றினாள்.
மூன்று புள்ளி எட்டு.
பெக்தூரின் இரண்டு பசுக்களுக்கு
டிசம்பர் மாத நுரை மட்டும்
தொள்ளாயிரத்துச் சொச்சம் சோம்.

எட்டு மணிக்கு ஷர்ஷெனின் செய்தி வந்தது:
பழைய தாள்படியே போட்டுவிடலாமா?

பதிலைப் போனில் ஒரு நொடியில் தட்டியிருக்கலாம்.
புருல் கணினியைத் தன் பக்கம் திருப்பினாள்.
தீக்குச்சியை எடுத்து
ரப்பர் மொட்டின் மேல் அழுத்தினாள்:
ஜோக்.

குச்சி முறிந்தது.
பெட்டியில் இன்னும் முப்பது இருந்தன.